பழைய யெஸ்டியும் பட்டறைத் தமிழும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்த கதையை இலக்கிய வாசகர்களுக்கு எதற்காகச் சொல்ல வேண்டும் என்று எங்கள் நண்பர்களில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஓமலூரில் ஒரு பழைய பட்டறையின் மர பெஞ்சில் ஆறு மாத காலம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்த பிறகு, எழுதாமல் விடுவதுதான் பிழை என்ற எண்ணம் வந்துவிட்டது.

நாங்கள் மூவர். மூவருக்கும் பொதுவாக 1982-இல் பதிவான யெஸ்டி 250 ஒன்றை வாங்கினோம். பதினோரு ஆண்டுகள் ஒரு தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்தி நின்றிருந்த வண்டி. விற்பதற்கு முன்பாக உரிமையாளர் அதற்குப் புது வண்ணம் பூசி, பெட்ரோல் மூடிக்கும் கைப்பிடிக்கும் குரோம் முலாம் ஏற்றி, இருக்கைக்குப் புது உறை தைத்து வைத்திருந்தார். வெயிலில் அது மின்னிய மின்னலில் நாங்கள் பேரம் பேசவே மறந்துவிட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்வது நல்லது.

யெஸ்டியின் வரலாறு பலரும் அறிந்ததே. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டியை உரிமம் பெற்றுத் தயாரிக்க, மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. எழுபதுகளில் பெயர் யெஸ்டி என்று மாறிற்று. 1996-இல் ஆலை மூடப்பட்டது. இன்று அதே பெயரில் புதிய வண்டிகள் சந்தையில் உண்டு. ஆனால் அவை நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட வேறு பிறவிகள். பழையது டூ-ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டர், இரண்டு புகைக்குழாய்கள். உதைத்துக் கிளப்பிய அதே நெம்பை மடக்கினால் அதுவே கியர் நெம்பு. இந்த ஒரு விசித்திரத்துக்காகவே அதைக் காதலித்தவர்கள் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஒரு தலைமுறையே இருந்தார்கள். பால்காரர்களும், கைத்தறி முதலாளிகளும், கிராமத்து ஆசிரியர்களும் அதில் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கிளப்பிப் பார்த்துவிட வேண்டும் என்று எங்களில் இருவர் துடித்தோம். மூன்றாமவர், அவர் கொஞ்சம் பயந்த சுபாவம், பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றார். பட்டறைக்காரருக்கு எழுபதை நெருங்கும் வயது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே குறிப்பிடுகிறோம். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். கிக்கரில் காலை வைத்த எங்களைப் பார்த்து அவர் சொன்னது:

"ஏனுங் தம்பி, பதினொரு வருசம் பட்டினி கெடந்தவனுக்கு எடுத்த எடுப்புல பிரியாணியா போடுவீங்க? மொதல்ல கஞ்சி குடுங்க."

கஞ்சி என்பது இது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு மூடி ஆயிலை சிலிண்டருக்குள் ஊற்றி ஓரிரவு விடுவது. மறுநாள் கிக்கரைக் காலால் உதைக்காமல் கையால் மெல்ல அழுத்தி, பிஸ்டன் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது. நெடுநாள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் துருவால் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கக்கூடும். ஆவேசமாக உதைத்தால் ரிங் உடையும். உடைந்த துண்டு சுவரைக் கீறும். பிறகு லேத்துப் பட்டறையில் போர் அடித்து, அடுத்த அளவு பிஸ்டன் தேட வேண்டும். முப்பது ஆண்டுக்கு முன் மூடிய ஆலையின் பிஸ்டனைத் தேடுவது எவ்வளவு எளிது என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

டேங்க்கின் உள்ளே துரு. அதற்கு அண்ணன் கடையில் எந்த இரசாயனமும் வாங்கவில்லை. திக்கான புளிக்கரைசலை ஊற்றி, கைப்பிடி அளவு பழைய நட்டுகளைப் போட்டு, இரண்டு நாள் அவ்வப்போது குலுக்கச் சொன்னார். பித்தளைக் குத்துவிளக்குத் துலக்கும் அதே புளி. மூன்றாம் நாள் வெளியே வந்த நீரின் நிறம் ஜல்லிக்குழியில் தேங்கிய மழைநீரின் நிறம். கழுவி உடனே வெயிலில் காயவைத்து ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். ஈரத்தோடு ஓரிரவு விட்டால் புதுத்துரு பூத்துவிடும். கார்பரேட்டரின் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் வற்றி அரக்குப்போல் படிந்திருந்தது. மயிரிழைத் துளையுள்ள ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது, காற்றடித்தே எடுக்க வேண்டும். கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். பாயிண்ட்டுகள் பச்சைப் பூத்திருந்தன. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தோம். நாலாவது ஞாயிறு, ஏழாவது உதையில் வண்டி உயிர்பெற்றது. வெள்ளைப் புகை தெருவை மூடியது. பக்கத்து டீக்கடைக்காரர் எங்களைத் திட்டியதை இங்கே எழுத இயலாது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது.

வண்டி ஊருக்குள் நன்றாகவே ஓடியது. தாரமங்கலம் சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் இழுவை குறைந்து, இரண்டு முறை இருமி, நின்றுவிடும். பதினைந்து நிமிடம் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். மறுபடி ஏழெட்டுக் கிலோமீட்டர். இதை நாங்கள் ஒரு மாதம் அனுபவித்தோம். விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கண்டென்ஸர் என்றார்கள். சூடேறியதும் கண்டென்ஸர் பழுதாகி, ஆறியதும் சரியாவது பழைய வண்டிகளில் பிரசித்தமான நோய் என்பது உண்மையே. மாற்றினோம். நிற்கவில்லை. காயிலை மாற்றினோம். பிளக்கை மாற்றினோம். சேலத்திலிருந்து வந்த, எங்களைவிடவும் இளைய மெக்கானிக் ஒருவர் வயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னார். அதையும் செய்தோம். இங்கே நாங்கள் செய்த அடிப்படைத் தவறு, ஒரே வேளையில் மூன்று பொருள்களை மாற்றியது. நோய் தீர்ந்திருந்தாலும் எதனால் தீர்ந்தது என்று அறியாமலே போயிருப்போம்.

அண்ணன் அந்த மாதம் முழுவதும் கண் அறுவை சிகிச்சைக்காக ஓய்விலிருந்தார். திரும்பி வந்ததும் எங்கள் விவரணையைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "நிக்கறதுக்கு முந்தி எப்படி நிக்குது? பட்டுனு நிக்குதா, தவிச்சு நிக்குதா?"

யோசித்துப் பார்த்துத் தவித்துத்தான் நிற்கிறது என்றோம். கரண்ட்டுப் பழுதென்றால் பட்டென்று நிற்கும், தவித்து நிற்பது பெட்ரோல் கிடைக்காத வண்டி என்றார் அவர். பின்னிருக்கையில் ஏறிக்கொண்டு அவரே வந்தார். ஏழாவது கிலோமீட்டரில் வண்டி இருமத் தொடங்கியதும், ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பெட்ரோல் மூடியைத் திருகித் திறந்தார். உஸ் என்று ஒரு நீண்ட மூச்சுச் சத்தம். காற்று உள்ளே பாய்கிறது. அடுத்த உதையில் வண்டி கிளம்பியது.

"டேங்க்குக்கு மூச்சு முட்டுதுங்க தம்பி."

மூடியில் ஊசிமுனையளவு ஒரு காற்றுத்துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று அதன் வழியாகவே உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் கூடி, பெட்ரோல் கீழிறங்க மறுக்கும். பளபளப்புக்காக மூடிக்கு முலாம் ஏற்றியபோது துளை பாதி அடைபட்டிருக்கிறது. மீதியை உள்ளே வைத்த புது ரப்பர் வாஷர் மூடிவிட்டது. ஒரு குண்டூசி, அரை நிமிடம். நாங்கள் செலவழித்திருந்த தொகையைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

பணம் போனால் போகிறது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் எஞ்சினையே இழந்திருப்போம் என்பது அண்ணன் விளக்கிய பிறகுதான் புரிந்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கும் கிராங்க்குக்கும் எண்ணெய் தனியாகப் போவதில்லை. பெட்ரோலில் கலந்த ஆயிலே போக வேண்டும். நாங்கள் லிட்டருக்கு 40 மில்லி கலக்கிறோம். ஆகவே பெட்ரோல் தட்டுப்பட்டால் எண்ணெயும் தட்டுப்படுகிறது. பசித்த வண்டி அதே வேளையில் வறண்ட வண்டியுமாகிறது. மேலும் சிறிது முறுக்கியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கொண்டிருக்கும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதைவிட இறங்கும்போது பழைய யெஸ்டிகள் கவ்விக்கொண்ட கதைகள் அதிகம் என்றார் அவர். காரணமும் இதுவே. எஞ்சின் பிரேக்கை நம்பித் திராட்டிலை மூடிக்கொண்டு இறங்கினால் எஞ்சின் வேகமாய்ச் சுழலும், எண்ணெயோ சொட்டாது. விவரமறிந்தவர்கள் இடையிடையே கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்குவார்களாம்.

இங்கேதான் எங்கள் வாதத்துக்கு வருகிறோம்.

தொழில்நுட்பத் தமிழ் குறித்த நம் விவாதங்கள் அனைத்தும் பெயர்ச்சொற்களைப் பற்றியவை. கார்பரேட்டருக்கு என்ன சொல், பிஸ்டனுக்கு என்ன சொல் என்று ஆக்கிக்கொண்டிருக்கிறோம். ஆக்குவதில் தவறில்லை. பட்டறையில் அச்சொற்கள் நுழையவில்லை என்று ஒரு தரப்பு வருந்துகிறது. பட்டறைத் தமிழே ஆங்கிலக் கலப்பு என்று முகம் சுளிக்கிறது. ஆறு மாதம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் கவனித்தது வேறு. பெயர்கள் ஆங்கிலம்தான், வினைகள் முழுவதும் தமிழ். நோயறியும் வேலை நடப்பதோ வினைச்சொல்லில்.

வண்டி திணறுகிறது என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. விக்குகிறது என்றால் பெட்ரோலில் தண்ணீர். கார்பரேட்டர் பொங்குகிறது என்றால் மிதவை ஓட்டை அல்லது ஊசி தேய்ந்திருக்கிறது. உதைக்கும் காலையே திருப்பி உதைக்கிறது என்றால் டைமிங் முன்னால் போயிருக்கிறது. முறுக்காமலே எகிறுகிறது என்றால் டைனமோ பக்கத்து ஆயில் சீல் வறண்டு வெளிக்காற்று உள்ளே போகிறது. கிளட்ச் பக்கத்து சீல் போனால் எகிறாது. அந்தப் பக்கத்து ஆயிலைக் குடித்து வெண்புகையைக் கக்கும். குடிக்கிறது, கக்குகிறது, தவிக்கிறது, மூச்சு முட்டுகிறது. இவை உவமைக்காகச் சொல்லப்படுபவை அல்ல. ஒவ்வொரு வினையும் ஒரு குறிப்பிட்ட பழுதைச் சுட்டுகிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பட்டறையில் சிரிப்பார்கள். அண்ணனின் "பட்டுனு நிக்குதா, தவிச்சு நிக்குதா" என்ற கேள்வி எங்களிடமிருந்த எல்லாக் கருவிகளையும்விடக் கூர்மையானது. அந்தக் கேள்வியை எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் நாங்கள் வாசித்ததில்லை.

இந்த வட்டாரத்தில் இது எழுதப்படாமல் கிடப்பது கூடுதல் வருத்தம். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு வண்டிகள், சங்ககிரியின் லாரிகள், நாமக்கல்லின் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகள் என்று மண்ணே இயந்திரத்தோடு புரண்டது. நெசவையும் விவசாயத்தையும் நம் நாவல்கள் நுணுக்கமாகவே எழுதியிருக்கின்றன. ஸ்பானர் பிடித்த கைக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை என்றே எங்களுக்குப் படுகிறது.

கனடாவில் வாழும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருடன் இதைத் தொலைபேசியில் பகிர்ந்தபோது ஒரு வேடிக்கை. அவரும் சமீபத்தில் பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார்; பனியில் சறுக்கிச் செல்லும் வண்டி. கியூபெக்கின் வால்கூர் என்ற சிற்றூரிலிருந்து பொம்பார்டியே என்பவர் 1959-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்கீ-டூவின் வழிவந்தது. அவருடையதும் டூ-ஸ்ட்ரோக். கோடை முழுவதும் கொட்டகையில் நின்று கார்பரேட்டரில் அரக்குப் படிவது, வறண்ட சீல், ஆயில் கலவைக் கணக்கு, எல்லாம் எங்கள் நோய்களே. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகை, இங்கே மேலே நாற்பது. "அது விக்குது" என்று அவர் சொன்னதும் தண்ணீர் கலந்திருக்கிறதா பாருங்கள் என்றோம். பார்த்துவிட்டு மறுநாள் அழைத்து நன்றி சொன்னார்.

இலக்கிய நண்பர்கள் இவ்விடத்தில் ராபர்ட் பிர்சிக்கின் 1974-ஆம் ஆண்டு நூலை நினைவூட்டுவார்கள் என்று அறிவோம். அதில் எங்களுக்குப் பிடித்தது தத்துவமல்ல, ஒரு சிறு சம்பவம். நண்பரின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ வண்டியில் கைப்பிடி தளர்ந்திருக்கிறது. பீர் டப்பாவின் தகரத்தை வெட்டி இடையில் வைத்தால் போதும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமானமாய்ப் படுகிறது. அந்த அவமான உணர்வு இன்று பழைய வண்டி பிரியர்களிடம் பெருகிவிட்டது. வண்டியை முலாம் பூசி அரங்கில் நிறுத்துவதே அதற்குச் செய்யும் மரியாதை என்று எண்ணுகிறார்கள். ஜி.டி. நாயுடு இளமையில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை முதலில் செய்தது அக்கக்காகப் பிரித்ததுதான். இன்று அது கோவை அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றால், பிரிக்கப்பட்டுப் பூட்டப்பட்டு ஓடிய பிறகே அங்கே போயிற்று.

சட்டமும் காட்சிப்பொருளின் பக்கமே சாய்கிறது. 2021-இல் மத்திய அரசு தொன்மை வண்டிகளுக்கென்று தனி விதிகள் வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அப்படிப் பதிவானால் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. எங்கள் வண்டிக்கு 50 ஆகவில்லை. ஆகவே சாதாரண வண்டியாக, 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிறோம். புதுப்பிப்புக் கட்டணமும் 2022-இலும் 2025-இலும் உயர்ந்துவிட்டது. எனினும் 50 நிறைந்தாலும் தொன்மைப் பட்டம் கேட்கப்போவதில்லை.

புகையைப் பற்றிய எதிர்வாதத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் உள்ளே வரும் கலவையில் ஒரு பகுதியை எரிக்காமலே வெளியே விடுகிறது. அதனுடைய அமைப்பே அப்படி. இரண்டாயிரத்துக்குப் பின்னான மாசு விதிகள் அதை ஓரங்கட்டியதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஊரெல்லாம் இதில் போக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்னும் கவலைக்குரியது பெட்ரோல் மாறிவிட்டது என்பதே. நாடு முழுவதும் 2022-இல் பத்து விழுக்காடு எத்தனால் கலப்பு எட்டப்பட்டது, 2025-இல் இருபது. எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். புதிய வண்டிகளில் உணரிகள் அதைக் கண்டு சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்குக் கண்ணில்லை, பழைய ஜெட்டில் காற்று மிகுந்து எஞ்சின் சூடேறும். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். மழைக்காலத்தில் ஒரு மாதம் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழாய்களும் தக்கை வாஷர்களும் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. அண்ணன் ஒரு அளவு பெரிய ஜெட் போட்டிருக்கிறார், குழாயை மாற்றியிருக்கிறார், ஓட்டாத வாரங்களில் டேங்க்கையும் கிண்ணத்தையும் வடித்துவிடச் சொல்லியிருக்கிறார். ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் மூன்றாண்டுக்கு முன் வந்த ஒரு மாற்றத்துக்குத் தானாகவே கண்டுபிடித்த வைத்தியம் இது. இதுவும் எங்கும் எழுதப்படவில்லை.

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். உணவகம் ஒன்றின் முகப்பில் நிறுத்த யெஸ்டி வேண்டுமாம். நாங்கள் கொடுத்ததைப்போல் இரண்டரை மடங்கு தருவதாகச் சொன்னார். எஞ்சின் ஓடுகிறதா என்று அவர் கேட்கவே இல்லை. எங்களில் ஒருவருக்குப் பணம் தேவையாயிருந்தது. இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை குன்றியிருந்தது. இறுதியில் மற்ற இருவரும் அவருடைய பங்கை வாங்கிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை அவரும் பட்டறைக்கு வந்துவிடுகிறார் என்பது வேறு விஷயம்.

அண்ணனின் பட்டறை இருக்கும் இடத்தின் வாடகை ஒப்பந்தம் சித்திரையோடு முடிகிறது. மகன் துபாயில். இடத்தைத் தொடர்ந்து நடத்த ஆள் இல்லை. ஆகவே நாங்கள் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறோம். இடப்பக்கம் வண்டி என்ன செய்கிறது என்று அண்ணன் சொல்லும் வினைச்சொல்; வலப்பக்கம் அதற்குரிய பழுதும் பார்க்க வேண்டிய வரிசையும். இதுவரை அறுபத்தொரு வினைகள் சேர்ந்துள்ளன. 'சிணுங்குது' என்பதற்கும் 'முனகுது' என்பதற்கும் வேறுபாடு எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஒன்று செயின், மற்றொன்று பேரிங் என்கிறார். வரும் ஞாயிறு ஓட்டிக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.